ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில்

லாச்சப்பல், பாரிஸ்
12.09.2011

அன்புள்ள மலரக்காவுக்கு,

ஆரபியின் அம்மா கஜந்தினி எழுதுகிறேன். பெயரைக் கண்டதும் கிழித்துப் போடாதீர்கள். இரண்டு பக்கம்தான். வாசித்துவிட்டுக் கிழியுங்கள்.

மூன்று கிழமையாக உங்கள் நம்பருக்கு அடித்துக்கொண்டிருந்தேன். நேற்றிலிருந்து அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று மெஷின் சொல்கிறது. நீங்கள் இருந்த அறைக்கு வேறு ஆட்கள் வந்துவிட்டார்கள். மரக்கறிக்கடை வாமதேவன் அண்ணைதான், நீங்கள் பாரிசுக்கு வெளியே பொண்டியில் உங்கள் தம்பி வின்சன்ற் வீட்டில் இருப்பதாகச் சொல்லி விலாசம் தந்தார்.

அக்கா, எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. இவர், ஆரபியின் அப்பா, இரவு மொத்தச் சந்தைக்கு லொறி இறக்கப் போனால் காலை ஒன்பதரைக்குத்தான் வீட்டுக்கு வருவார். எனக்கு சென் லசார் ஸ்டேஷன் பக்கத்தில் ஆறு மணிக்கு அலுவலகத் துப்புரவு வேலை தொடங்கும். அது முடிய ஹோட்டல் அறைகள். ஐந்தரைக்கு உங்கள் கதவைத் தட்டுவேன். நீங்கள் போர்வையோடு ஆரபியை வாங்குவீர்கள். அவள் கண் திறக்காமலே உங்கள் தோளில் சாய்வாள். ஒரு வருசமாக எங்கள் வாழ்க்கை அந்தக் கதவில்தான் ஓடியது.

நீங்கள் போன பிறகு முதல் கிழமை மேல்மாடியில் இருக்கும் மாணவி ஒருத்தி பார்த்தாள். அவளுக்குப் படிப்புத் தொடங்கிவிட்டது. அதன் பிறகு நான் ஆரபியை வேலைக்கே கொண்டுபோனேன். ஆறு மணிக்கு அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஒரு மேசைக்குக் கீழே போர்வை விரித்துப் படுக்கவைத்துவிட்டு, பக்கத்து அறையில் மெஷினால் தூசு உறிஞ்சினேன். நாலாம் நாள் மேற்பார்வையாளர் வந்துவிட்டார். கத்தவில்லை. ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கினார். இன்னொரு தடவை நடந்தால் வேலை இல்லை. இப்போது தெரிந்த வீடுகளில் ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று விட்டுச் சமாளிக்கிறேன்.

நகரசபை நடத்துகிற கிறெஷில், அந்தக் குழந்தைகள் காப்பகத்தில், ஓர் இடத்துக்குப் பதினாலு மாதமாகக் காத்திருக்கிறோம். ஒவ்வொரு முறை நகரசபைக் கட்டடமான மெறியில் அந்த யன்னலுக்குப் போகும்போதும் வேலைப் பத்திரத்தைக் கேட்கிறார்கள். வேலை போனால் எங்கள் பெயர் கீழே போய்விடும். கிறெஷ் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். இதற்கு எந்தப் பக்கத்தால் வெளியே வருவதென்று எனக்குத் தெரியவில்லை.

உங்களை நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று சனங்கள் கதைக்கிறார்கள். நீங்களும் நம்பிவிட்டீர்கள் போல. அக்கா, ஆரபி மேல் ஆணையாகச் சொல்கிறேன், நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

திங்களிலிருந்து வெள்ளிவரை அவளைப் பொண்டியில் உங்களோடு விடுவதென்றாலும் சம்மதம். பிள்ளையைக் கிழமைக்கு இரண்டு நாள் பார்த்தால் போதும் என்று எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டேன். பதில் போடுங்கள்.

கஜந்தினி

*

பொண்டி
19.09.2011

கஜந்தினிக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன்.

ஓகஸ்ட் இருபத்திரண்டு நடந்ததை உனக்கு ஒருவரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள், நான் சொல்கிறேன். திங்கட்கிழமை பதினொன்றரை இருக்கும். நாலு பிள்ளைகளையும் சுற்றி இருத்தி பருப்பும் சோறும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அதுதான் எனக்கு இன்னும் வெட்கம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அறையை நாடாவால் அளந்தார்கள். யன்னல் பூட்டுமா என்று பார்த்தார்கள். மின் அடுப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எழுதினார்கள். வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கிற அனுமதி இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

போகிற நேரம் அந்த இளம் பெண் கடதாசியைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: “காலையில் ஐந்தரைக்கே ஒரு குழந்தை வருகிறதாமே, மடம்?”

ஐந்தரைக்கு என்னிடம் வந்த பிள்ளை ஒன்றுதான். மற்ற மூன்றும் எட்டு மணிக்குப் பிறகு. இதற்கு மேல் நான் எதை நம்பவேண்டும்?

அன்று பின்னேரமே நாலு பேரும் போனார்கள். உன் மனுசன் வந்து ஆரபியைத் தூக்கும்போது அவள் என் சட்டையைப் பிடித்த பிடி விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். வேறு வருமானம் எனக்கு இல்லை, அறையையும் விட்டேன். இப்போது தம்பி வீட்டு வரவேற்பறையில் படுக்கிறேன். அவன் மனுசி றெஜினா நல்லவள்தான். ஆனாலும் எல்லாரும் படுக்கப் போகுமட்டும் எனக்குப் படுக்க இடமில்லை. பகலில் ஒரு உணவகத்தில் வெங்காயம் உரிக்கிறேன். ஐம்பத்தொரு வயது.

பிள்ளையைக் கிழமைக்கு ஐந்து நாள் என்னிடம் விடுவேன் என்று எழுதியிருக்கிறாய். எங்கே வைப்பேன், சொல்? ஊரான் வீட்டிலா? அந்தப் பெண்கள் இங்கேயும் வந்தால் தம்பியின் வீட்டையும் அளக்கவா?

பிள்ளை மேல் ஆணை என்று இனி எழுதாதே. எனக்கு எழுதவும் வேண்டாம்.

அருள்மலர்

*

லாச்சப்பல்
09.10.2011, ஞாயிறு

மலரக்கா,

எழுத வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன். இன்று உங்கள் வாசலுக்கு வந்துபோனதை நீங்கள் அறிவீர்கள்.

மூன்று தரம் மணி அடித்தேன். மழை. பிள்ளை வண்டிலுக்கு மேல் பொலித்தீன் போட்டிருந்தும் ஆரபியின் சப்பாத்து நனைந்துவிட்டது. வின்சன்ற் அண்ணையின் கார் நிற்கவில்லை, கோயிலுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ஆனால் மேல் யன்னல் சீலை அசைந்தது. ஆரபியும் கண்டாள். “லம்மா! லம்மா!” என்று உங்களைக் கூப்பிட்டுக் கையை ஆட்டினாள். இருபது நிமிடம் நின்றோம். பக்கத்து வீட்டுக்காரர் வெளியே வந்து எங்களைப் பார்த்த பார்வையில் திரும்பிவிட்டேன். ரயிலில் முழு நேரமும் அவள் லம்மா, லம்மா என்றே சொல்லிக்கொண்டு வந்தாள். பிறகு நித்திரையாகிவிட்டாள்.

மெறியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இந்தமுறை இடம் இல்லை. அடுத்த கூட்டம் ஜனவரியில். அனுமதி உள்ள பிள்ளை பார்ப்பவர்கள் பதினொரு பேரின் பட்டியல் தந்தார்கள், பதினொரு பேருக்கும் அடித்தேன். குடும்ப உதவிப்பணம் தருகிற காஃப் அலுவலகம் செலவில் பங்கு கட்டும், எல்லாம் சட்டப்படி செய்யலாம் என்றேன். நல்ல மாதிரித்தான் கேட்டார்கள். எத்தனை மணிக்குக் கொண்டுவருவீர்கள் என்று கேட்பார்கள். ஐந்தரை என்றதும் சிரிப்பார்கள், அல்லது மன்னியுங்கள் என்பார்கள்.

நான் வேலையை விடலாம்தானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். இவருக்குச் சம்பளச் சீட்டு ஒழுங்காக இல்லை. என் வேலைப் பத்திரத்தைக் காட்டித்தான் இந்த அறை. அதைக் காட்டித்தான் இவருடைய விசாவை அடுத்த வருசம் புதுப்பிக்கவேண்டும்.

இவ்வளவு நாளும் பிள்ளையை விட்ட வீடுகளிலும் ஏலாது என்றுவிட்டார்கள். இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். ஓர் ஒழுங்கு செய்திருக்கிறோம். ஆரபி இப்போது நன்றாக நித்திரை கொள்கிறாள். இரவு பிந்திப் படுக்கவைத்தால் காலை ஒன்பதரைவரை அசையமாட்டாள். நான் போகும்போதும் நித்திரை, இவர் வரும்போதும் நித்திரை. கட்டிலைச் சுற்றித் தலையணை வைத்திருக்கிறேன். நாளைக்குத் தொடங்குகிறோம்.

கஜந்தினி

*

பொண்டி
13.10.2011

கஜந்தினி,

நீ எழுதிய கடைசி நாலு வரி எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று இருக்கத்தான் விருப்பம்.

நீ போகும்போது நித்திரை, அவர் வரும்போது நித்திரை என்றால், நடுவில் யார்?

அவளுக்கு இருபது மாதம். கட்டிலால் இறங்கத் தெரியும். என் வீட்டிலேயே இறங்குவாள், முதலில் வலது காலைத் தொங்கவிட்டுப் பிறகு பின்பக்கத்தால் வழுக்குவாள். குசினியில் கத்தி கிடக்கிற லாச்சியை இழுத்துத் திறக்கத் தெரியும். தலையணை அவளை மறிக்குமா?

நேற்று றெஜினாவின் போனில் உனக்கு அடித்தேன். மணி போகத் தொடங்கியதும் வைத்துவிட்டேன். என்ன கதைப்பது என்று தெரியவில்லை. கதைத்தால் நான் வந்து பார்க்கிறேன் என்று வாய் சொல்லிவிடும். மனம் இன்னும் அதற்கு வரவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

இந்த ஒழுங்கை விடு. வேறு ஏதாவது செய். உடனே பதில் போடு.

அருள்மலர்

*

லாச்சப்பல்
31.10.2011

மலரக்கா,

உங்கள் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. போட்டால் பொய் எழுதவேண்டி வந்திருக்கும்.

ஆரபி எங்களிடம் இல்லை. உயிரோடு, சுகமாக இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வியாழக்கிழமை அவளை எடுத்துப்போனார்கள்.

அன்று இவர் வந்த ரயில் வழியில் நின்றுவிட்டது. தண்டவாளத்தில் யாரோ விழுந்துவிட்டார்களாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுரங்கத்துக்குள் நின்றது, கதவு திறக்கவில்லை, போன் வேலை செய்யவில்லை. என் போன் ஹோட்டலில் அலுமாரிக்குள் இருந்தது. நான் படுக்கைவிரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பதின்மூன்று நாள் ஒன்பதரைவரை படுத்த பிள்ளை பதினாலாம் நாள் எட்டரைக்கு எழும்பிவிட்டாள்.

கீழ் வீட்டுப் பெண், அந்த மடம்தான் எனக்குப் பிறகு சொன்னார். முதலில் “அம்மா” என்று கேட்டதாம். பிறகு கதவில் அடிக்கிற சத்தம். அவர் மேலே வந்து கதவுக்கு வெளியே குந்தியிருந்து கதைத்திருக்கிறார். ஆரபி அழுகையை நிறுத்திக் கேட்டாளாம், பிறகு மீண்டும் அழுதாளாம். ஏதோ விழுந்து உடைகிற சத்தம் வந்ததும் மடம் தீயணைப்புக்காரருக்கு அடித்துவிட்டார். அவரில் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தாலும் அடித்திருப்பேன்.

இவர் வரும்போது கதவு உடைந்து கிடந்ததாம், படியில் பொலிஸ். நான் வரும்போது பதினொரு மணி. நிலத்தில் உடைந்த பால்போத்தல் ஓடு, அதில் கொஞ்சம் இரத்தம். உதட்டில் சின்னக் காயம்தான் என்றார்கள். அவளை நாங்கள் இரண்டு பேரும் காணவில்லை. தீயணைப்புக்காரர் ஒருவர் தன் மேலங்கிக்குள் வைத்துத் தூக்கிப்போனாராம்.

பொலிஸ் நிலையத்தில் எங்களைத் தனித்தனியாக இருத்தினார்கள். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார்கள். இவர், இன்றைக்கு மட்டும் என்று சொல்லியிருக்கிறார். நான் பதினாலு நாள் என்றேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து இவர் என்னோடு கதைக்கவில்லை. “உண்மை சொல்ல நல்ல நேரம் பாத்தனீர்” என்று ஒருதரம் சொன்னார், அவ்வளவுதான்.

உங்களுக்கும் உண்மை சொல்ல வேண்டும். உங்கள் பெயரை எழுதியது நான்தான்.

ஜூலையில் மெறியில் ஒரு பத்திரம் நிரப்பத் தந்தார்கள். ‘இப்போது குழந்தையை யார் பார்க்கிறார்?’ என்று ஒரு கேள்வி. நான் வெறுமையாக விட்டேன். யன்னலில் இருந்தவர் சொன்னார், இதை விட்டால் தாய் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம், உங்கள் கோப்பு கடைசிக்குப் போகும் என்று. எனக்குப் பின்னால் வரிசை. உங்கள் பெயர், விலாசம், நேரம் எல்லாம் எழுதினேன். ஐந்தரை என்று நான்தான் எழுதினேன், அந்த நேரத்தைப் பார்த்தால் இரங்குவார்கள் என்று. விலாசத்தில் ஒருதரம் பேனையை நிறுத்தினேன். ஆனாலும் எழுதினேன். பிறகு பிள்ளை மேல் ஆணையிட்டேன். இந்த நாலு நாளும் அந்த ஆணையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை பிள்ளைகள் விடுதியில் ஒரு மணித்தியாலம் பார்க்க விட்டார்கள். மூலையில் ஒரு பெண் கொப்பியோடு இருந்தாள். ஆரபி என்னிடம் வரவில்லை அக்கா. அங்கு வேலைசெய்யும் பெண்ணின் அங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கை நீட்டியபோது, யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

வருகிற பத்தாம் திகதி சிறுவர் நீதிபதி எங்களை விசாரிக்கிறார். இன்று சோசியல் அலுவலகப் பெண் வந்து சொன்னார், இப்போது கிறெஷில் இடம் எடுக்கலாமாம். ஆபத்தில் இருக்கும் குழந்தை என்ற வகையில் எங்கள் பெயர் மேலே வந்துவிட்டதாம். பதினைந்து மாதம் அந்த யன்னலில் நின்று கிடைக்காதது, கதவை உடைத்ததும் கிடைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் அதையும் கொப்பியில் எழுதினார்.

ஆனால் கிறெஷ் ஏழரைக்குத்தான் திறக்கும். ஐந்தரைக்கும் ஏழரைக்கும் இடையில் பிள்ளையோடு யார் என்று நீதிபதி கட்டாயம் கேட்பாராம். பெயரும் ஆளும் இல்லாமல் போனால் பிள்ளை திரும்பி வராது. எங்கள் வீட்டுக்கே ஒருவர் வந்து பார்ப்பதென்றால் அந்த அனுமதிப் பத்திரம் தேவையில்லையாம். வேலைக்கு வைத்ததாக நாங்கள் பதிந்தால் போதும், காஃப் பங்கு கட்டும், அவருக்குச் சம்பளச் சீட்டு வரும். இதை யாராவது ஒருவர் ஒரு வருசத்துக்கு முதல் எங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

உங்களைக் கேட்க எனக்கு முகம் இல்லை. கேட்கிறேன். வேறு ஒருவரும் எனக்கு இல்லை.

கஜந்தினி

*

பொண்டி
04.11.2011

கஜந்தினி,

உன் கடிதத்தை றெஜினாதான் தபால்பெட்டியிலிருந்து எடுத்துவந்தாள். குசினியில் நின்று வாசித்தேன். நடுவில் நிலத்தில் குந்திவிட்டேன். என்ன மச்சாள் என்று அவள் கேட்டாள். கடதாசியைக் கொடுத்தேன். அவள் வாசித்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

நீ உன்னுடையதைச் சொன்னாய், நான் என்னுடையதைச் சொல்லவேண்டும். அன்று ஞாயிற்றுக்கிழமை யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றது நான்தான். பிறகு கீழே இறங்கி வந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம், பூட்டில் போடாமல் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவள் கூப்பிடுகிற ஒவ்வொன்றும் கேட்டது. வண்டில் சில்லு உருண்டு போகிற சத்தம் கேட்கும்வரை நின்றேன். உன்னைப் பழிவாங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு நாள் கழித்து அவள் இன்னொரு கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். இதை நான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவர் சொன்ன செபத்தைச் சொல்லி முடித்தேன். ஒன்றும் குறையவில்லை.

ஆனால் நீதிமன்றத்துக்கு நான் வரமாட்டேன். என்னால் முடியாது. அங்கே என்னை முதலில் கேட்கப்போவது, ஒரு வருசம் அனுமதி இல்லாமல் நாலு பிள்ளை பார்த்தாயா என்றுதான். ஓம் என்றால் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. என் பத்துவருச விசா பெப்ரவரியில் முடிகிறது. இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருசம், ஒரு சம்பளச் சீட்டு என் பெயரில் இல்லை. அந்த இரண்டு பெண்கள் வந்த நாளிலிருந்து வாசல் மணி கேட்டால் குசினிக்குள் போய் நின்றுகொள்கிறேன். தம்பியும் வேண்டாம் அக்கா, மாட்டிக்கொள்ளாதே என்கிறான்.

வேறு ஒருவரைப் பார். லூர்துசாமியின் மனுசி வீட்டோடுதான் இருக்கிறாள், வாமதேவனிடம் கேட்டால் நம்பர் தருவார். அவளுக்குப் பிரெஞ்சும் நன்றாக வரும்.

பிள்ளையைப் பார்க்கப் போகும்போது பருப்புச் சோற்றை நன்றாகக் குழைத்து ஒரு சின்ன டப்பாவில் கொண்டுபோ. விடுவார்களோ தெரியாது. மணத்தையாவது காட்டு.

அருள்மலர்

*

லாச்சப்பல்
13.11.2011, ஞாயிறு

மலரக்கா,

வியாழக்கிழமை நீங்கள் நீதிமன்றப் படியால் இறங்கிப் போன வேகத்துக்கு என்னால் வரமுடியவில்லை. நீதிபதியின் கடதாசிகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். வின்சன்ற் அண்ணையின் கார் திரும்புவது மட்டும் தெரிந்தது. அதனால் எழுதுகிறேன்.

லூர்துசாமி அண்ணையின் மனுசி முதலில் ஓம் என்று சொன்னவர், நீதிமன்றம் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். அன்று காலை நாங்கள் பெயர் இல்லாமல்தான் போனோம். இவர் தன் முதலாளியிடம் வேலை நேரத்தை மாற்றக் கேட்டுப் பார்த்தார், முடியாது என்றுவிட்டார்கள். நான் வேலையை விடுகிறேன் என்று நீதிபதியிடம் சொல்வதாக முடிவெடுத்திருந்தேன். அறை போனால் போகட்டும், விசாவைப் பிறகு பார்ப்போம் என்று. அதை எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் நீங்கள் வந்தீர்கள். கோயிலுக்குப் போடும் அந்தக் கறுத்த மேலங்கி, கையில் பை. நாங்கள் இருந்த நீள வாங்கில் ஒரு நுனியில் நாங்கள், மற்ற நுனியில் நீங்கள். என்னைப் பார்க்கவே இல்லை. இவர் எழும்பி உங்களுக்கு வணக்கம் சொன்னார். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள்.

உள்ளே நடந்ததை எழுதத் தேவையில்லை, உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு அது மறக்கக்கூடாது.

மொழிபெயர்க்க வந்த புதுச்சேரிக்காரர் உங்களைப் பார்த்து, “இந்த அம்மாவுக்கு நீங்க என்ன வேணும்னு ஜட்ஜ் கேக்கிறாங்க” என்றார்.

“ஒண்டும் வேண்டாம். நான் ஒண்டும் கேட்க வரேல்லை” என்றீர்கள்.

அவர் சிரித்துவிட்டு, “இல்லம்மா, என்ன உறவுன்னு கேக்கிறாங்க” என்றார்.

“உறவில்லை. பிள்ளையைப் பாத்தனான். ஒரு வருசம்.”

“அனுமதி இல்லாமலா?”

உங்கள் கை பையின் வாரைப் பிடித்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஓம். அனுமதி இல்லாமல்தான். நாலு பிள்ளையள். ஒரு பிள்ளைக்கும் ஒரு காயம் வரேல்லை.”

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, ஓகஸ்டில் உங்களை நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள், இப்போது மீண்டும் உங்களிடம் பிள்ளையை எப்படி ஒப்படைப்பது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்குமுன் உங்களுக்கு விளங்கிவிட்டது.

“நிப்பாட்டச் சொன்னவை. நான் நிப்பாட்டினனான். நிப்பாட்டினபடியாலைதான் இந்தப் பிள்ளை தனியக் கிடந்தது. அதையும் எழுதச் சொல்லுங்கோ. தாய் என்ரை வாசலுக்குக் கொண்டுவந்தவ. நான்தான் கதவைத் திறக்கேல்லை. அதையும் எழுதச் சொல்லுங்கோ.”

மொழிபெயர்ப்பாளர் நீதிபதியின் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லச் சொன்னார். நீதிபதி அம்மா பேனையை வைத்துவிட்டு உங்களைப் பார்த்தார்.

“இனி?”

“இனி அவையின்ரை வீட்டை நான் வருவன். பொண்டியிலை இருந்து முதல் ரயில். ஐஞ்சு இருபத்தைஞ்சுக்கு அங்கை நிப்பன். ஏழரைக்குக் கிறெஷிலை கொண்டுபோய் விடுவன். பேரை எழுதுங்கோ, அருள்மலர்.”

என்னை மன்னித்துவிட்டு நீங்கள் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நன்றி என்று எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். எப்போதாவது மன்னிப்பீர்களா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன். பதில் சொல்லவேண்டும் என்றில்லை.

ஆரபி இருபத்தோராம் திகதி வீட்டுக்கு வருகிறாள். ஆறு மாதத்துக்கு ஒரு பெண் கிழமைக்கு ஒருதரம் வந்து எங்களைப் பார்ப்பார். பார்க்கட்டும். கிறெஷில் முதல் கிழமை நாளுக்கு ஒரு மணித்தியாலம்தான் விடவேண்டுமாம், நீங்களும் கூட இருக்கவேண்டுமாம். பதிகிற பத்திரம் இத்துடன் இருக்கிறது. பென்சிலால் கோடு போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போடுங்கள். இருபத்திரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமையிலிருந்து தொடங்குகிறது.

டப்பாவில் சோறு கொண்டுபோனேன். உள்ளே விடவில்லை. மணக்க மட்டும் விட்டார்கள். கொஞ்சம் கிட்ட வந்தாள்.

கஜந்தினி

*

லாச்சப்பல், உன் வீடு
22.11.2011, காலை பத்து மணி

கஜந்தினி,

இதை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். உன் மனுசன் வந்துவிட்டார், பிள்ளையை மடியில் வைத்திருக்கிறார். காலையில் நீ என்னிடம் திறப்பைத் தந்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாய், நான் போ, நேரமாகிறது என்றேன். நேரில் கதைத்தால் இரண்டு பேருக்கும் சண்டையில்தான் முடியும். எழுதினால் பரவாயில்லை.

மன்னிப்பேனா என்று நீ கேட்டாய். பொய்யாக ஓம் என்று எழுத எனக்கு விருப்பமில்லை.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். ஆறு நாற்பதுக்கு எழும்பினாள். அழவில்லை. எழும்பி இருந்து, நீ படுத்திருந்த பக்கத்தைப் பார்த்தாள். கையால் தடவிப் பார்த்தாள். பிறகு கட்டிலால் இறங்கி நேராகக் கதவடிக்குப் போனாள். என்னை ஒருதரம் பார்த்தாள், மேசையடியில் கிடக்கிற ஒரு கதிரையைப் பார்ப்பதுபோல. கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். கூப்பிடவில்லை. தட்டவில்லை. நான் நிலத்தில் இருந்துகொண்டேன். கிட்டப் போகவில்லை. அவள் பெயரைச் சொன்னேன், லம்மா வந்திருக்கிறேன் என்றேன். திரும்பவில்லை. ஏழு மணிவரை அப்படியே நின்றாள் கஜந்தினி. இருபது நிமிடம். கால் சோர்ந்து தானாக நிலத்தில் இருந்த பிறகுதான் தூக்கினேன். தூக்க விட்டாள்.

அழுகிற பிள்ளையென்றால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும். அழாத பிள்ளையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

பாலில் பாதி குடித்தாள். கிறெஷில் இருந்த பெண், விட்டுவிட்டு வெளியே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள் என்றாள். நின்றேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தாயைத் தேடிக் கத்துகின்றன. இவள் இருத்திய இடத்தில் இருந்தாள். எவ்வளவு நல்ல பிள்ளை என்று அந்தப் பெண் எனக்குச் சொன்னாள். நான் ஓம் என்றேன். எனக்குத் தெரியும் அது நல்லதில்லை என்று. உனக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது, உங்கள் படிக்கட்டில் ஒருதரம் என் காதைப் பிடித்துப் பார்த்தாள். முந்தி அப்படித்தான் பிடிப்பாள். அவ்வளவுதான் இன்றைக்கு.

ஒன்றே ஒன்று சொல்லவேண்டும். அதற்குத்தான் இதை எழுதத் தொடங்கினேன். நாளைக்கு நான் வந்ததும் அவளை எழுப்பு. நித்திரையில் விட்டுவிட்டுச் சத்தமில்லாமல் போகாதே. இனி ஒருநாளும் அப்படிப் போகாதே. எழுப்பி, முகத்தைப் பார்த்து, அம்மா வேலைக்குப் போகிறேன், பின்னேரம் வருவேன் என்று சொல். விளங்காது என்று நினைக்காதே. காலைப் பிடித்துக்கொண்டு கத்துவாள், உனக்கு ரயில் பிந்தும், கீழ் வீட்டு மடமும் எழும்புவார். எழும்பட்டும். நான் இருக்கிறேன், நான் தூக்குவேன்.

அவள் அழவேண்டும். அழுதாலும் சொல்லிப்போட்டுப் போ.

அருள்மலர்